பழைய பாலத்தை இடித்துப் புதுப் பாலம் கட்டும்போது ஓடையையும் கண்மாயையும் காப்பது எப்படி?

ஊர் ஓடையின் மேலிருக்கும் பழைய பாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்று சேதி வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம்தான். மழைக்காலத்திலும் பஸ் வரும், ஆம்புலன்ஸ் ஊரைச் சுற்றிப் போக வேண்டியதில்லை. பாலம் கட்டாயம் வேண்டும். கூடவே அதன் அடியில் ஓடும் தண்ணீரும், அது போய்ச் சேரும் கண்மாயும், வெள்ளம் வந்தால் தண்ணீர் பரவி நிற்கும் தாழ்ந்த நிலமும் கெடாமல் இருக்க வேண்டும்.

முதல் தடவை வார்டு உறுப்பினர் ஆனவர்கள், பாசன சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், பொக்லைன் வந்து நின்ற பிறகு யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் இருப்பவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மதுரை, மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி பக்கத்து நிலைமைதான் இதில் அதிகம் வரும்.

என் கணிப்பில், பாலத்தின் தூணும் தளமும் நீர்நிலைக்குச் செய்யும் கெடுதல் கொஞ்சம்தான். பாலத்தின் இரு பக்கமும் அணுகுசாலைக்காகப் போடும் மண்கரை, வேலைக்காலத்துக்கான மாற்றுப்பாதை, இடித்து அங்கேயே விட்டுப்போகும் கல், கம்பி ஆகியவைதான் ஓடையை அடைக்கின்றன. இவற்றைப் பற்றி வரைபடம் தயாராகும்போதே பேசிவிட வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு பேசினால் "எஸ்டிமேட்டில் இல்லை" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும்.

1. பாலம் யாருடையது, தண்ணீர் யாருடையது?

சாலைக்கு ஒரு துறை, தண்ணீருக்கு வேறு துறை. மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர் அலுவலகம். ஊராட்சிச் சாலை என்றால் ஊராட்சி ஒன்றியம். நகருக்குள் பெரும்பாலும் மாநகராட்சி. நான்குவழித் தேசிய நெடுஞ்சாலை என்றால் பெரும்பாலும் தேசிய நெடுஞ்சாலை ஆணையம்.

தண்ணீர்ப் பக்கம் வந்தால், 40 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. அதற்குக் கீழுள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடம். நீர்வளத் துறையின் ஓடையில் வேறொரு துறை பாலம் கட்டினால், நீர்வளத் துறை நீரியல் விவரங்களைச் சரிபார்த்து, தடையின்மைச் சான்று தர வேண்டும். ஓடையின் அடிமட்டம், அதிகபட்ச வெள்ள மட்டம், எவ்வளவு கன அடி வரும், பாலத்தில் எத்தனை கண் (தூண்களுக்கு நடுவே தண்ணீர் போகும் திறப்பு) வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். நீங்கள் முதலில் கேட்டு வாங்க வேண்டியது அந்தத் தாளைத்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பாலத்தின் பொது அமைப்பு வரைபடத்தையும் அதே மனுவில் கேளுங்கள்.

சட்டத்தைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். "ஈரநிலம் அழிகிறது" என்று எழுதிக் கொடுக்கும் மனுக்கள் பல நேரம் நிற்பதில்லை. 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஈரநில விதிகள் ஆற்றுப் பாதை, நெல்வயல், பாசனத்துக்கும் குடிநீருக்கும் மனிதர் வெட்டிய நீர்நிலைகள் ஆகியவற்றை வரையறையில் இருந்து விலக்கி வைத்திருக்கின்றன. நம் பக்கத்துக் கண்மாய்களில் அநேகமாக எல்லாமே அந்த விலக்குக்குள் விழுந்துவிடும். இராமநாதபுரம் மாவட்டத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போல ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறியவற்றின் நிலை வேறு. மற்றபடி நீர்வளத் துறைக் கண்மாய் என்றால் 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டத்தைக் காட்டி எழுதுங்கள். ஒன்றியக் கண்மாய், ஓடை என்றால் வருவாய்த் துறைப் பதிவேடுதான் உங்கள் பலம். அ-பதிவேட்டில் "ஓடைப் புறம்போக்கு" என்று இருக்கிறதா, புலப்படத்தில் ஓடையின் அகலம் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டையும் அரசின் இணையச் சேவையில் எடுக்கலாம். இன்றைக்குச் சீமைக்கருவேல் மூடி ஐந்தடிக்கு ஒடுங்கிக் கிடக்கும் ஓடை, தாளில் பல மடங்கு அகலமாக இருக்கலாம். பாலத்தின் நீளத்தை முடிவுசெய்யத் தாளில் உள்ள அகலத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

2. இடிக்கத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம், ஆனால் கேட்காமலும் விடக்கூடாது. மதுரை ஏ.வி. பாலம் 1889-ல் திறந்தது, கல் வளைவுப் பாலம், இன்றும் வண்டிகள் போகின்றன. வயது ஆகிவிட்டது என்பது மட்டும் இடிக்கக் காரணம் ஆகாது. தூணின் அடியில் மண் அரித்துவிட்டதா, கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயர்கிறதா, வளைவில் விரிசல் ஓடுகிறதா, வெள்ளத்தில் முழுகுகிறதா என்று ஆய்வறிக்கையில் இருக்க வேண்டும். பழுதுபார்த்தால் போதும் என்றால் நீர்நிலைக்கு அதைவிட நல்லது இல்லை.

3. எவ்வளவு தண்ணீர் வரும் என்பதை ஊர் சொல்ல வேண்டும்

எனக்கு இதுதான் மிக முக்கியமான படி. பொறியாளர்கள் வெள்ளத்தைக் கணக்கிட இரண்டு மூன்று வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, நம் பக்கம் வெகுகாலமாகப் புழங்கும் ரைவ்ஸ் சூத்திரம். நீர்ப்பிடிப்புப் பரப்பை வைத்து வெள்ளத்தின் அளவைச் சொல்லும். இன்னொன்று, பழைய வெள்ளத்தடத்தை வைத்து ஓடையின் குறுக்குவெட்டையும் ஓட்டத்தின் வேகத்தையும் பெருக்கிப் பார்ப்பது. இந்த இரண்டாவது வழிக்கு வேண்டிய தகவல் அலுவலகத்தில் இருக்காது, ஊரில்தான் இருக்கும். வெள்ளம் எந்தத் திண்ணை வரை ஏறியது, கோயில் சுவரில் எந்த வரிசைக் கல் வரை நனைந்தது, எந்த வயலில் எத்தனை நாள் நின்றது என்பதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியும். கண்மாயில் மடை திறக்கும் நீர்பாய்ச்சிக்கு இன்னும் துல்லியமாகத் தெரியும்.

அதனால் அளவெடுக்க வருகிறவர்கள் வரும் நாளுக்கு முன்பே இதைச் செய்துவையுங்கள். மூன்று நான்கு பெரியவர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால் ஒருவர் சொன்னதையே மற்றவரும் சொல்வார். அவர்கள் காட்டும் இடங்களில் பெயிண்டால் கோடு போட்டு, போட்டோ எடுத்து, எந்த ஆண்டு என்று எழுதுங்கள். ஊராட்சியின் கடிதத்தோடு பொறியாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

அப்புறம், மேலே எத்தனை கண்மாய்கள் இருக்கின்றன என்று பட்டியல் போடுங்கள். நம் ஊர்க் கண்மாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைந்து மறுகால் (உபரிநீர்) பாய்கிறவை. சாத்தையாறு அணைத் தண்ணீர் அப்படித்தான் கண்மாய் கண்மாயாக இறங்கி வண்டியூர்ப் பக்கம் வருகிறது. மேலே ஒரு கரை உடைந்தால் கீழே உள்ள பாலத்துக்கு வரும் தண்ணீர், சூத்திரம் சொல்லும் கணக்கில் அடங்காது. 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர்க் கண்மாயின் உபரிநீர் போக வழியில்லாமல் தெருக்களுக்குள் புகுந்ததைப் பலரும் பார்த்தோம். அதன் பிறகுதான் கண்மாயில் இருந்து வைகைக்கு சுமார் 290 மீட்டர் நீளச் சிமெண்ட் கால்வாய்க்கு அரசு 11.9 கோடி ரூபாய் ஒதுக்கியது.

கணக்கு குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குத் திருவண்ணாமலை மாவட்டத்தின் அகரம்பள்ளிப்பட்டு பாலம் சமீபத்திய சாட்சி. சுமார் 16 கோடி ரூபாயில் தென்பெண்ணையின் குறுக்கே கட்டி 2024 செப்டம்பரில் திறந்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் அடித்துப்போனது. சுமார் 54,000 கன அடிக்கு வடிவமைத்த இடத்தில் அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் தண்ணீர் வந்ததாக அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள்.

4. வரைபடத்தில் பார்க்க வேண்டியவை

வரைபடம் கைக்கு வந்ததும் மலைக்க வேண்டாம். நான்கு எண்களைத் தேடிப் பிடித்தால் போதும்: பாலத்தின் மொத்தத் திறப்பு நீளம், கண்களின் எண்ணிக்கை, அதிகபட்ச வெள்ள மட்டம், தளத்தின் அடிப்பக்க மட்டம்.

திறப்பு நீளம் ஓடையின் அகலத்தைவிடக் குறையக் கூடாது. கரை தெளிவாக இல்லாத மணல் ஆறுகளுக்கு லேசி என்ற பொறியாளரின் சூத்திரம் உண்டு: நொடிக்கு எத்தனை கன மீட்டர் வரும் என்பதன் வர்க்கமூலத்தை 4.8-ஆல் பெருக்கினால் ஆற்றுக்கு வேண்டிய அகலம் மீட்டரில் வரும். 100 கன மீட்டர் வரும் ஆற்றுக்கு 48 மீட்டர். பாறைப் படுகைக்கு இது பொருந்தாது. ஆனால் மணல் ஆற்றில் 25 மீட்டர் என்று வரைந்திருந்தால் ஏன் என்று கேட்க உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

தளத்தின் அடிப்பக்கத்துக்கும் வெள்ள மட்டத்துக்கும் நடுவே இடைவெளி வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரசின் விதிப்படி நொடிக்கு 3 முதல் 30 கன மீட்டர் வரை வரும் ஓடைக்கு 60 செ.மீ., 30 முதல் 300 வரை 90 செ.மீ., 300 முதல் 3000 வரை 120 செ.மீ. ஆகாயத்தாமரையும் மரக்கிளையும் மிதந்து வரும் நம் ஓடைகளில் இதற்கு மேலும் கொஞ்சம் கேட்பது தப்பில்லை.

கண்கள் குறைவாகவும் அகலமாகவும் இருப்பது நல்லது. தூண் அதிகமானால் குப்பை சிக்கும் இடமும் அதிகம். சிறிய ஓடையில் சிமெண்ட் குழாய் போட்டு மேலே சாலை போடுவதைவிட, கான்கிரீட்டில் பெட்டி வடிவத்தில் கட்டும் பெட்டிப் பாலம் மேல். எதைப் போட்டாலும் அதன் அடித்தளம் ஓடையின் மண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே புதைந்திருக்க வேண்டும். கீழ்ப்பக்கம் ஒரு படி போல உயர்ந்து நின்றால், புதுத்தண்ணீரில் எதிர்த்து ஏறும் கெளுத்தியும் விராலும் அங்கேயே முட்டி நிற்கும். முட்டையிட மேலே கண்மாய்க்குப் போக முடியாது. மீன் குத்தகை எடுக்கிறவர்களிடம் கேட்டால் இதன் நஷ்டம் என்ன என்று சொல்வார்கள்.

அடுத்து, அணுகுசாலை. புதுப் பாலம் உயரமாக வரும்போது இரண்டு பக்கமும் சாலையை மண்கொட்டி உயர்த்துவார்கள். ஓடைக்கு இருபுறமும் தாழ்ந்த வயலும் கோரை முளைத்த சதுப்பும் இருந்தால், முன்பு வெள்ளம் பழைய சாலையின் மேல் ஏறி வழிந்து போயிருக்கும். இப்போது அதே இடத்தில் ஆறடிக் கரை நிற்கிறது. மேல்பக்க வயல் மூழ்கும், கீழ்ப்பக்கச் சதுப்பு காயும். பரவ வேண்டிய தண்ணீர் முழுவதும் பாலத்தின் கண்ணுக்குள் நெருக்கிப் பாய்ந்து அடிமண்ணை அரிக்கும். பல வெள்ளங்களில் பாலம் அப்படியே நிற்க, அணுகுசாலை மட்டும் அறுந்து கிடப்பது இதனால்தான். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளத்தில் ஏரல் பக்கம் அப்படித்தான் ஆனது.

தீர்வு சிக்கலானது இல்லை. தாழ்ந்த பகுதி எவ்வளவு தூரம் இருக்கிறதோ அவ்வளவு தூரத்துக்குக் கரையின் ஊடே உபரிக் கண்கள், அதாவது வெள்ளம் வந்தால் மட்டும் தண்ணீர் போகும் சிறுபாலங்கள் வைக்கச் சொல்லுங்கள். வசதி இருந்தால் பாலத்தையே இன்னும் ஒன்றிரண்டு கண் நீட்டச் சொல்லுங்கள். செலவு கூடும். ஆனால் மண்கரைக்கு நிலம் எடுக்கும் செலவு குறையும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கரைக்கான மண்ணைக் கண்மாயின் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் உட்பகுதியில், கண்ட இடத்தில் அள்ளக் கூடாது என்றும் எழுத்தில் கேளுங்கள். மதுரை நகருக்குள் வைகையின் இரு கரையிலும் சாலையும் தடுப்புச் சுவரும் வந்துவிட்டதால் ஆறு பரவ இடமே இல்லை. கிராமத்து ஓடைகளுக்கு அந்த இடம் இன்னும் இருக்கிறது என்பதால்தான் இதில் இவ்வளவு அழுத்துகிறேன்.

5. தரைப்பாலத்தை அடியோடு பெயர்க்கும் முன்

தரைப்பாலத்துக்குப் பதில் உயர்மட்டப் பாலம் வரும் இடங்களில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பழைய தரைப்பாலத்தின் கான்கிரீட் அடித்தளம் ஆற்றின் மணலை ஒரு மட்டத்தில் பிடித்து வைத்திருக்கும். அதை முழுவதும் தோண்டி எடுத்தால் மேல்பக்கத்து மணல் நகர்ந்து படுகை இறங்கும். அங்கே வரத்துக்கால் தலைப்பு, அதாவது கண்மாய்க்குப் போகும் கால்வாய் ஆற்றில் தொடங்கும் இடம் இருந்தால், ஆற்றில் தண்ணீர் போகும், கண்மாய்க்கு ஏறாது. மணல் அள்ளி ஏற்கெனவே படுகை தாழ்ந்த வைகையில் இந்த அபாயம் அதிகம். ஊற்றுக் கிணறுகளின் நீர்மட்டமும் கூடவே இறங்கும்.

எனவே மேல்பக்கம் ஒரு கிலோமீட்டருக்குள் வரத்துக்கால் தலைப்போ குடிநீர் உறைகிணறோ இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். இருந்தால், தரைப்பாலத்தின் மேல்பகுதியையும் தூண்களையும் மட்டும் எடுத்துவிட்டு, படுகை மட்டத்துக்குள் அடங்கும் அடித்தளத்தை விட்டுவைக்கலாமா என்று நீர்வளத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால் முழுவதும் எடுப்பதே சரி. படுகைக்கு மேலே துருத்தி நிற்கும் பாதித் தூண்களை மட்டும் எந்தக் காரணத்துக்கும் விடக் கூடாது. அவற்றில்தான் ஆகாயத்தாமரை வந்து அடையும்.

6. எப்போது வேலை செய்வது?

நம் பக்கம் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பிப்ரவரியில் தொடங்கி, தண்ணீரில் செய்யும் வேலையைச் செப்டம்பர் முடிவதற்குள் முடிப்பதே நல்ல திட்டம். ஆனால் நடுவிலும் தண்ணீர் வரும். வைகையில் என்றால் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் இறங்க அணை திறப்பார்கள். பெரியாறு பாசனத்தின் இருபோகப் பகுதி 45,041 ஏக்கர், அதற்கு வழக்கமான திறப்பு நாள் ஜூன் 1. ஒருபோகத்துக்குச் செப்டம்பர் 15. அணையில் இருப்பைப் பொறுத்து நாள் முன்பின் ஆகும். கால்வாய்மேல் பாலம் என்றால் பாசன சங்கத்தோடு உட்கார்ந்து, தண்ணீர் நிறுத்தும் நாட்களை முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

பறவைகளுக்கும் ஒரு காலம் உண்டு. கண்மாய் மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கொக்கும் கூடு கட்டும் இடத்துக்கு அருகில், குஞ்சுகள் பறக்கும் வரை தூண் இறக்கும் இரைச்சல் வேலையைத் தள்ளிவையுங்கள். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குப் பக்கத்தில் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. ஒப்பந்தக்காரர் சில வாரம் பொறுப்பது பெரிய காரியம் இல்லை. பழைய பாலத்தின் அடியிலேயே உழவாரன், தகைவிலான் கூடுகள் இருக்கும். இடிப்பதற்கு முன் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிடச் சொல்லுங்கள்.

7. மாற்றுப்பாதை

பாலம் இடித்ததும் பக்கத்தில் ஓடைக்குக் குறுக்கே கிராவல் கொட்டி, நாலைந்து குழாய் பதித்து, வண்டி போக வழி விடுவார்கள். வேலை இழுத்துக்கொண்டு மழைக்காலத்துக்குள் போனால் அதுவே அணையாகிவிடும். ஒரு மீட்டர் விட்டக் குழாய் நிறைந்து, நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினால் ஏறக்குறைய 55 கன அடி போகும். ஆறு குழாய் போட்டால் 330. மேல் கண்மாயின் கலுங்கில் (உபரிநீர் வழியும் இடத்தில்) 1000 கன அடி மறுகால் பாய்ந்தால் பதினெட்டுக்கு மேல் குழாய் வேண்டும். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள், பேச்சு உடனே மாறும்.

ஒப்பந்தத்தில் மூன்று வரி இருக்கிறதா என்று பாருங்கள்: மாற்றுப்பாதையில் எத்தனை குழாய், செப்டம்பர் முடிவில் வேலை முடியாவிட்டால் அதை வெட்டிவிடுவது யார், வேலை முடிந்ததும் மண்ணை எங்கே கொண்டுபோய்ப் போடுவது. மூன்றாவது வரி இல்லாமல் போனால் அந்தக் கிராவல் ஓடையிலேயே கிடக்கும். இரண்டு வருடத்தில் அதன்மேல் சீமைக்கருவேல் காடு நிற்கும். முடிந்தால் மாற்றுப்பாதையை ஓடையின் குறுக்கே போடாமல் வேறு ஊர்ச் சாலை வழியாகத் திருப்பிவிடச் சொல்லுங்கள். கொஞ்சம் சுற்று என்றாலும் அதுவே மேல்.

8. வேலை நடக்கும்போது

தினமும் போய் நின்று சண்டை போட வேண்டாம். வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று போட்டோ எடுங்கள். கலவை வண்டியைக் கழுவும் தண்ணீர் ஓடைக்குள் போகிறதா என்று பாருங்கள். சிமெண்ட் தண்ணீர் கடுமையான காரம், தேங்கிய தண்ணீரில் கலந்தால் மீன் செத்து மிதக்கும். கழுவ ஒரு குழி வெட்டினால் போதும். துளைபோட்டுத் தூண் இறக்கும்போது வரும் பென்டோனைட் (துளை சரியாமல் இருக்க ஊற்றும் களிமண் கரைசல்) சேற்றுக்கும் அதேதான். டீசல் டிரம் கரைக்கு மேலே இருக்கட்டும். ஓடைக்குள் ஜெனரேட்டர் வேண்டாம்.

இடிபாடுகளைப் போகும் வழியில் உள்ள பள்ளமான புறம்போக்கில் ஒப்பந்தக்காரர்கள் கொட்டிவிடுவது அடிக்கடி நடக்கும். பள்ளம் என்று அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் கண்மாயின் உள்வாயோ வரத்துக்காலோதான். எங்கே கொட்டலாம் என்று கிராம நிர்வாக அலுவலரை வைத்து முதலிலேயே ஓர் இடம் காட்டிவிடுங்கள். பழைய கருங்கல் நல்ல கல், கரையைப் பலப்படுத்த ஊராட்சி கேட்டு வாங்கலாம்.

சாலையோரப் புளியமரங்களை வெட்ட வேண்டும் என்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஏதாவது தவறாகப் போனால் முதலில் வேலை நடக்கும் இடத்துப் பொறியாளரிடம் நேரில் சொல்லுங்கள். பாதி விஷயம் அங்கேயே சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் உதவிக் கோட்டப் பொறியாளருக்குக் கடிதம், நகல் நீர்வளத் துறைக்கு. அப்புறம் திங்கள்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டம், மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டம். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், வேலை தொடங்கிய காலம். அன்றைக்குத் தீர்மானம் போட்டால் மழைக்கு முன் ஆறு மாதம் கையில் இருக்கும்.

9. திறப்பு விழாவுக்குப் பிறகு

ஓடைக்குள் இறங்கி மேல்பக்கம் நூறு மீட்டர், கீழ்ப்பக்கம் நூறு மீட்டர் நடங்கள். மணல்மூட்டை அணை, குழாய்த் துண்டு, சாரக்கட்டை எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. தளத்தின் மழைநீர்க் குழாய் நேராகக் கண்மாய்த் தண்ணீரில் எண்ணெய்க் கழிவோடு இறங்குகிறதா, கரைச் சரிவில் புல் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதல் வெள்ளம் வரும்போது பத்திரமான இடத்தில் நின்று இரண்டு பக்கத்துத் தண்ணீர் மட்டத்தையும் கவனியுங்கள். மேல்பக்கம் தண்ணீர் எகிறியும் கீழ்ப்பக்கம் பள்ளமாகவும் இருந்தால் திறப்பு போதவில்லை என்று அர்த்தம். வெள்ளம் வடிந்ததும் தூண் அடியில் குழி விழுந்திருக்கிறதா, அணுகுசாலைச் சரிவு கரைந்திருக்கிறதா என்று அளந்து, போட்டோவோடு எழுதிக் கொடுங்கள். ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று இருக்கும், அதற்குள் தெரியும் குறைகளை ஒப்பந்தக்காரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அந்தக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்று திறப்பு விழா அன்றே கேட்டு ஊராட்சி அலுவலகத்தில் குறித்துவையுங்கள்.